நின்றுகொண்டு கேட்டவர்களின் கடிதம்

பக்தியால் வேதம் படிக்கிறவர்கள் உண்டு. சம்பளத்துக்காகப் படிக்கிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவர்களுக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. பழி தீர்த்துக்கொள்வதற்காகவே வேதம் படித்துப் பட்டம் வாங்கி, அதையே பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் இறையியல் கல்லூரி நூலகத்தின் மாடி அறையில் அவள் வகுப்பு நடக்கும். ஆதிச் சபைகளுக்கு எழுதப்பட்ட நிருபங்களை, அதாவது கடிதங்களை, அந்தக் காலத்தையும் அந்தக் காலத்து மனிதர்களையும் வைத்துப் படிக்கிற வகுப்பு. யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வருவார், எதைப் படித்தாலும், "இதை யாரு கொண்டுபோய்க் குடுத்தாங்க மிஸ்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மருந்துக்கடைக்காரர், கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு வருவார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி பாதி வகுப்பு தூங்கிவிட்டு, மீதிப் பாதியில் எல்லாரையும்விட நல்ல கேள்வி கேட்பாள். இன்னும் நாலைந்து பேர். எல்லாருக்கும் அவள் மிஸ். சிரித்துப் பேசுவாள், தன் கையால் டீ ஊற்றிக் கொடுப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இத்தனை வருஷமாக ஒரு வயிற்றெரிச்சல் அணையாமல் இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவள் பிறந்து வளர்ந்தது ஒரு பெரிய வீட்டின் பின்பக்கத்து அறையில். அவள் அம்மா அந்த வீட்டில் சமையல்காரி. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அதைப் பற்றி யாராவது உச்சுக்கொட்டினால் அம்மா சொல்கிற பதில் ஒன்றுதான்: "இருந்திருந்தா அவருக்கும் சேத்துல்ல பொங்கிப் போட்டிருக்கணும்." அப்படி ஒரு வாய் உண்டு அம்மாவுக்கு. ஆனால் அது பின்பக்கத்து அறையோடு சரி. சமையலறைக்குள் கால் வைத்ததும் அந்த வாய் தானாக மூடிக்கொள்ளும்.

அந்த வீட்டின் எஜமானியைத் தாயும் மகளும் தங்களுக்குள் பெரிய வீட்டம்மா என்பார்கள். காலையில் சாப்பாட்டு மேசைக்கு எல்லாரும் வந்ததும், பெரிய வீட்டம்மா கறுப்பு உறை போட்ட வேதாகமத்தைத் திறப்பார். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சமையலறை வாசலில் வந்து நிற்க வேண்டும். வேலைக்காரர்களும் வசனம் கேட்க வேண்டும் என்பது பெரிய வீட்டம்மாவின் நல்லெண்ணம். உள்ளே பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்கும். ஜெபம் முடியும்வரை அசையக் கூடாது. ஜெபம் முடிந்ததும் பாலைப் பொங்கவிட்டதற்குத் திட்டு விழும்.

திட்டுவதிலும் பெரிய வீட்டம்மாவுக்கு ஒரு சிக்கனம் உண்டு. ஒரு தட்டு உடைந்தாலோ, சூப்பில் உப்புக் கூடினாலோ, அம்மா ஒருநாள் லீவு கேட்டாலோ, அவர் வாய் திறக்க மாட்டார். மறுநாள் காலையில் கொலோசெ என்ற ஊரின் சபைக்கு எழுதப்பட்ட நிருபத்தை எடுத்து, வேலைக்காரர்கள் எஜமான்களுக்கு எல்லாவற்றிலும் கீழ்ப்படிய வேண்டும் என்கிற பகுதியை நிதானமாகப் படிப்பார். அம்மா பக்கம் திரும்பவே மாட்டார். வேதமே திட்டும்போது தான் ஏன் தொண்டைத் தண்ணீரை வற்றவைக்க வேண்டும்?

ஒருநாள் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். முந்தின நாள் மாலை அம்மா படுத்துவிட்டதால், வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு ரொட்டியும் முட்டையும்தான் கிடைத்தது. அதனால் காலையில் அந்தப் பகுதி. அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளுக்கு அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு ஆடியது. பிறகு அம்மா சரிந்து, நெற்றி நிலையில் மோத, அப்படியே தரையில் விழுந்தாள். நெற்றியிலிருந்து இரத்தம் இறங்கியது. மேசையிலிருந்து யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். பெரிய வீட்டம்மா தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் தூக்கினார்.

"அதிகாரம் முடியட்டும்."

எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். பெரிய வீட்டம்மா முடித்தார். மீதி வரிகள் எல்லாவற்றையும், ஒரு சொல்லைக்கூட விழுங்காமல், படித்து முடித்தார். புத்தகத்தை மூடிவிட்டுத்தான் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மகள் அதற்குள் அம்மாவின் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தாள். அந்த வயதிலேயே அவள் உள்ளுக்குள் ஒன்று உறைந்துவிட்டது. இந்தப் பொம்பளையை ஒருநாள் நிற்கவைக்க வேண்டும். இதே கடிதத்தைக் கேட்டுக்கொண்டு, அம்மா பார்க்க, நிற்கவைக்க வேண்டும்.

கொஞ்சம் வளர்ந்த பிறகு அந்தப் பகுதியைத் தானே எடுத்துப் பார்த்தாள். அதிகாரம் முடிந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த அதிகாரத்தின் முதல் வரியே எஜமான்களுக்குச் சொன்னதாக இருந்தது: வேலைக்காரர்களுக்கு நீதியும் நியாயமும் செய்யுங்கள், உங்களுக்கும் மேலே ஓர் எஜமான் இருக்கிறார். இத்தனை காலமும் அந்த மகராசி இந்த வரிக்கு முந்தின வரிவரை வந்து வந்து, புத்தகத்தை மூடிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். அன்றைக்கு அவளுக்கு வந்தது ஞானமும் இல்லை, விசுவாசமும் இல்லை. சுத்தமான ஆத்திரம்.

அந்த ஆத்திரம்தான் அவளை இறையியல் கல்லூரி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது. நேர்காணலில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். ஊழியம் செய்ய என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பொய் சொன்னாள். கிரேக்கம் படித்தாள். நாம் வேலைக்காரர் என்று படிக்கிறவர்கள் அந்தக் காலத்தில் சம்பளம் வாங்கிய வேலைக்காரர்கள் இல்லை, அடிமைகள், சந்தையில் விலைக்கு வாங்கப்பட்டவர்கள், அடிக்கவும் விற்கவும் எஜமானுக்கு உரிமை இருந்தவர்கள் என்று படித்தாள். அப்போது தேவாலயக் கட்டடமே கிடையாது, ஓரளவு பெரிய வீடு இருந்தவர்களின் வீட்டில்தான் சபை கூடியது, கடிதத்தை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள் என்று படித்தாள். கடிதம் எழுதியவர் அதிகாரம், வசனம் என்று எதையும் பிரிக்கவில்லை, அதெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து யாரோ போட்ட எண்கள் என்று படித்த அன்று, நூலகத்தில் கைதட்டாத குறைதான். அப்படியென்றால் அடிமைகளுக்குச் சொன்னதும் எஜமானுக்குச் சொன்னதும் ஒரே மூச்சில் படிக்கப்பட்டவை. அடிமைகள் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் காதுபட, எஜமானுக்கும் சொல்லப்பட்டது.

இதை ஓட்டமாக ஓடிப்போய்த் தன் பேராசிரியரிடம் சொன்னாள். காது கொஞ்சம் மந்தம் அவருக்கு. ஆனால் ஆளைக் கணிப்பதில் எந்த மந்தமும் இல்லை.

"இந்தக் கடிதம் உன் கட்சின்னு நினைச்சுக்காதேம்மா" என்றார். "அடிமைங்களை விட்டுடுங்கன்னு ஒரு வரி இதுல இருக்கா? தேடிப் பாரு."

தேடினாள். இல்லை. கொஞ்ச நாள் அவருடைய வகுப்புக்கே போகவில்லை. பிறகு அவரே வராந்தாவில் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்: "ஒண்ணு மட்டும் பாரு. அந்தக் காலத்துல வீடு எப்படி நடத்தணும்னு எழுதினவங்க பெரும்பாலும் எஜமானைப் பாத்துதான் எழுதினாங்க. அடிமையை எப்படி மேய்க்கணும்னு அவனுக்குச் சொல்லுவாங்க. இந்தக் கடிதம் அடிமையைப் பாத்தே பேசுது. ஏன்னா அவன் அங்க நிக்கிறான், அவனும் சபைல ஒரு ஆளு. அவன் எப்படிக் கேட்டிருப்பான்னு யோசி. உன் கோவத்தை எங்கயாவது வெச்சுட்டு வந்து யோசி."

யோசித்தாள். கோபத்தை வைத்துவிட்டு வருவதற்கு இடம்தான் கிடைக்கவில்லை.

அந்த யோசனையிலிருந்து வந்ததுதான் அவளுடைய வகுப்பின் வீட்டு வாசிப்பு. ஒரு தகர டப்பாவில் சீட்டுகள் இருக்கும். வீட்டுத் தலைவர், தலைவரின் மனைவி, விடுதலை பெற்ற கணக்கர், வாயில்காவல் அடிமை, சமையல் அடிமை, தண்ணீர் சுமக்கிற சிறுமி என்று ஒவ்வொன்றிலும் ஓர் ஆள். யாருக்கு எது வருகிறதோ அவர்கள் அன்றைக்கு அந்த ஆள். அறையில் இருக்கிற ஒரே கைவைத்த மர நாற்காலி வீட்டுத் தலைவருக்கு. குடும்பத்தாருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. அடிமை முதலிலிருந்து கடைசிவரை சுவரோரம் நிற்க வேண்டும், கேட்டால்தான் பேச வேண்டும். கடிதத்தை நிறுத்தாமல் படிப்பாள். பிறகு ஒவ்வொருவரும் தான் கேட்டதைச் சொல்ல வேண்டும். கடைசியில், பின்வரிசையில் வேடிக்கை பார்க்கிறவர்களில் யாரும் எழுந்து வந்து, யாருடைய இடத்தையும் வாங்கிக்கொண்டு, அந்த வீட்டில் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். இவ்வளவுதான். ஆனால் வருஷக்கணக்காக எஜமானாகவே வாழ்ந்த ஆட்கள் சுவரோரம் நின்றுவிட்டுப் போகும்போது முகம் மாறிப் போவதை அவள் பார்த்திருக்கிறாள்.

அம்மா இப்போது அவளோடுதான் இருக்கிறாள். முட்டி இரண்டும் தேய்ந்துபோன பிறகு பெரிய வீட்டில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். அம்மா அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டாள். மகள் ஆரம்பித்தால், "விடுடி, வயசானவங்க" என்று பேச்சை அணைத்துவிடுவாள். அது மகளுக்கு இன்னும் எரியும். அவள் கணவன், வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன், இருவரையும் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னான்: "எல்லாரும் வேதத்துல சமாதானம் தேடுவாங்க. நீ மட்டும்தான் சாட்சி தேடறே."

இந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை, டிரைவர் ஒரு கையைப் பிடிக்க, மறு கையில் ஒரு குட்டி மெத்தையோடு, பெரிய வீட்டம்மா மாடியேறி வகுப்புக்கு வந்து சேர்ந்தார்.

மிஸ்ஸுக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. பெரிய வீட்டம்மாவுக்கு அவளைத் தெரியவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த குழந்தையின் முகம் அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது? கண்ணில் வேறு புரை. வீட்டை விற்றாயிற்று, பிள்ளைகள் ஆளுக்கொரு தேசத்தில். "பொழுது போகலம்மா, வேதத்தையாவது ஒழுங்கா படிக்கலாம்னு வந்தேன்" என்றார். ஒழுங்காகப் படிக்கலாம் என்றாராம். மிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு வரவேற்றாள்.

அதைவிடக் கொடுமை, வகுப்பே அவர்மேல் பிரியமாகிவிட்டது. ஆன்ட்டி ஆன்ட்டி என்று நர்ஸ் அவர் பக்கத்து இருக்கைக்கு மாறிவிட்டாள். தபால்காரர் அவருக்காகப் படியிறங்கிப் போய்க் கைகொடுத்து அழைத்துவருவார். ஆன்ட்டி எல்லாருக்கும் பிஸ்கட் கொண்டுவருவார், எல்லாருடைய பிள்ளைகளையும் விசாரிப்பார். ஒருநாள் டீ நேரத்தில், "எங்க வீட்ல ஒருத்தி சமையலுக்கு இருந்தா. பொண்ணு மாதிரி வெச்சிருந்தேன் அவளை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்ஸ் அவர் தோளைத் தடவிக்கொடுத்தாள். மிஸ் டம்ளர்களை எடுத்துக்கொண்டு கைகழுவும் இடத்துக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு வந்தாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அடுத்த வாரம் கொலோசெ. அடுத்த வாரம் அம்மாவும்.

"எனக்கு எதுக்குடி உன் கிளாஸு?" என்றாள் அம்மா.

"சும்மா வந்து பின்னாடி உக்காரு. ஒரு வேடிக்கை இருக்கு."

"வேடிக்கை பாக்கற வயசா எனக்கு?" என்றாலும், நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, ஆட்டோவில் ஏறி வந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் முன்னால் மெத்தை போட்ட நாற்காலியில் இருப்பவர் யார் என்று பார்த்தாள். பாதி எழுந்தாள். மகளின் கண்ணைப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கைப்பையை மடியில் இறுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டப்பா சுற்றியது. இதுவரை ஒருநாளும் அவள் சீட்டில் கள்ளத்தனம் செய்ததில்லை. அன்றைக்குச் செய்தாள். சமையல் அடிமையின் சீட்டை விரலிடுக்கில் ஒளித்துவைத்திருந்து, பெரிய வீட்டம்மாவின் முறை வந்தபோது டப்பாவுக்குள் நழுவவிட்டாள். மற்ற சீட்டுகள் ஏற்கனவே போயிருந்தன. வீட்டுத் தலைவர் சீட்டு மருந்துக்கடைக்காரருக்கு விழுந்தது, அவர் மர நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "யாரங்கே?" என்று ஒரு குரல் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

பெரிய வீட்டம்மா சீட்டைக் கண்ணுக்கருகில் பிடித்துப் படித்தார். "சமையல் அடிமையா நான்? சரியாப் போச்சு" என்று அவரும் சிரித்தார்.

"மிஸ், ஆன்ட்டிக்கு முட்டி வலி" என்றாள் நர்ஸ். "ஒரு சேர் போட்டுக்கட்டுமே."

"அடிமைக்கு சேர் கிடையாது" என்றாள் மிஸ். குரல் கொஞ்சம் கூர்மையாகிவிட்டது. தபால்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் காலத்துல முட்டி வலிக்குதுன்னு சொன்னா யாரு கேட்டாங்க?"

பெரிய வீட்டம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிஸ் கடிதத்தைக் கையில் எடுத்தாள். இதற்காகத்தானே இத்தனை படிப்பு. மனைவிகள், கணவர்கள், பிள்ளைகள் என்று வந்து அடிமைகள் இடத்துக்கு வந்தாள். எவ்வளவு மெதுவாகப் படிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகப் படித்தாள். சுவரோரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்ற உருவத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள். நெஞ்சு குளிர்ந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை. அதிகாரம் முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. தலையை நிமிர்த்தி, குரலை உயர்த்தி, எஜமான்களுக்கான அந்த வரியைப் பெரிய வீட்டம்மாவின் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

பெரிய வீட்டம்மா பக்தியோடு தலையாட்டினார். அவ்வளவுதான்.

மர நாற்காலியிலிருந்து மருந்துக்கடைக்காரர்தான் காலைக் கீழே இறக்கினார். "ஐயையோ, இது எனக்கு விழுந்த அடி மிஸ். என் கடைப் பையனுக்கு ஞாயித்துக்கிழமைகூட லீவு குடுக்கறதில்ல நான்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. என்ன காரியம் செய்துவிட்டோம். அவரை அடிமையாக நிற்கவைத்த கையாலேயே அந்த வரியிலிருந்து அவரைத் தப்பவும் வைத்துவிட்டோம். எஜமானுக்குச் சொன்ன வரி அன்றைக்கு அவருக்குச் சொன்ன வரியே இல்லை. ஆத்திரத்தில் சீட்டை மாற்றிப் போட்டுவிட்டாள். நியாயமாகப் பார்த்தால் மர நாற்காலியில் அல்லவா அந்த அம்மாளை உட்காரவைத்திருக்க வேண்டும்.

சமாளித்துக்கொண்டு, "சமையல் அடிமை சொல்லலாம்" என்றாள். "இதைக் கேட்டு என்ன நினைச்சே?"

பெரிய வீட்டம்மா தொண்டையைச் செருமினார். தோளைக் குறுக்கினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஈரம் இல்லாத கைகளை உடுப்பின் ஓரத்தில் துடைத்துக்கொண்டு, மெல்லிய குரலில், "ஆகட்டும்மா. நீங்க சொன்னா சரிதாம்மா. பால் மட்டும் பொங்கிடும்மா" என்றார்.

அம்மா. அசல் அம்மா. அந்தக் கை துடைப்பும், அந்தத் தலைச் சாய்ப்பும், ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஓர் 'ம்மா'வும். இத்தனை காலமும் திரும்பிப் பார்க்காமலேயே அந்த அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் வைத்திருந்திருக்கிறார். அறை கொல்லென்று சிரித்தது. நர்ஸ் கைதட்டினாள். "ஆன்ட்டி, நீங்க நடிக்கப் போயிருக்கணும்" என்றார் மருந்துக்கடைக்காரர். மிஸ்ஸுக்கு முகமெல்லாம் தீப்பிடித்தது. நிற்கவைத்தது அவரை, ஆனால் இத்தனை பேர் முன்னால் சுவரோரம் நிற்பது மறுபடியும் அம்மா. பின்வரிசைப் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் இல்லை.

"மிஸ், இந்த அடிமைக்கு ஒரு பேரு வேணாமா?" என்று கேட்டார் தபால்காரர். அவருக்கு விலாசம் இல்லாமல் எதுவும் நகராது.

"அடிமைக்குப் பெரும்பாலும் வாங்கினவங்க வெக்கிறதுதான் பேரு" என்றாள் அவள், ஏதோ ஞாபகத்தில். "இதே கொலோசெ ஊர் அடிமை ஒருத்தர் பேருக்கே பயனுள்ளவன்னு அர்த்தம். பெத்தவங்க வெச்ச பேரு என்னன்னு யாரும் எழுதி வெக்கல."

"அப்ப ஆன்ட்டிக்கு நானே பேரு வெச்சிடறேன்" என்று மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார்.

"நான் ஒரு கேள்வி கேக்கலாமா?"

பின்வரிசையில் அம்மா எழுந்து நின்றிருந்தாள். யாரும் பதில் சொல்வதற்குள், நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து முன்னால் வந்தாள். மருந்துக்கடைக்காரர் பின்வரிசைக்காரர்களின் உரிமை தெரிந்தவர். எழுந்து இடம் விட்டார். அம்மா மர நாற்காலியில் உட்கார்ந்தாள். நுனியில் இல்லை, நன்றாகப் பின்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் நாற்காலிக் கைகளில் வைத்து உட்கார்ந்தாள். மகள் தன் வாழ்நாளில் அம்மாவை அப்படிப் பார்த்ததில்லை.

கிட்டத்தில் வந்ததும் பெரிய வீட்டம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. அந்த வீட்டில் அம்மாவைக் கூப்பிட்டுவந்த பேரைச் சொல்லி, "அட, நீயா?" என்றார். "எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன். அந்தப் பேரு எனக்கு முந்தி உங்க வீட்ல சமைச்சவளோட பேரு" என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை. "நான் வந்த அன்னிக்கே சொன்னீங்க, ஒவ்வொருத்தி வரும்போதும் புதுப் பேரு பழகிக்க முடியாது, இதுவே இருக்கட்டும்னு. நானும் சரிம்மான்னுட்டேன். இப்ப ஒரே கேள்விதான். என் பேரு என்ன?"

பெரிய வீட்டம்மா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. உதடு ஏதோ ஓர் எழுத்துக்காகக் குவிந்து, பிரிந்தது. நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

மகளுக்கு உடம்பெல்லாம் கூசியது. காய்ச்சல், பால், வாசல் நிலை, நெற்றிக் காயம் என்று இத்தனை வருஷமாக ஒன்றுவிடாமல் சேர்த்துவைத்திருந்தாளே, இது அதில் இல்லவே இல்லை. அந்த வீட்டில் அம்மாவுக்கு வேறு பேர் என்பது அவளுக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். அது ஓர் அநியாயம் என்று அவளுக்கும் தோன்றியதே இல்லை.

"சொல்லு" என்றார் பெரிய வீட்டம்மா கடைசியில். "நீயே சொல்லிடு. இனிமே அப்படியே கூப்பிடறேன்."

"மாட்டேன்" என்றாள் அம்மா. "இத்தனை வருஷம் நீங்க தட்டிப் பாக்காத கதவு அது. இனிமே திறக்காது. யோசிச்சுக்கிட்டே இருங்க."

எழுந்தாள். "இப்ப உக்காருங்க" என்று மர நாற்காலியைக் காட்டிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஆட்டோவில் மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள். "அந்தப் பேரு உனக்கு வலிச்சுதுன்னு என்கிட்டகூட ஒருநாளும் சொன்னதில்லையேம்மா."

அம்மா கையை உருவிக்கொண்டாள். "அவங்களை நிக்க வெச்சியே, அது எனக்குப் பிடிக்கல. முட்டி வலின்னா என்னன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப நீ செஞ்சது மட்டும்?"

"அது வேற. அது என்னோடது" என்றாள் அம்மா.

பெரிய வீட்டம்மா இனி வர மாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை, மற்ற யாரும் வருவதற்கு முன்னால், மெத்தையோடு மாடியேறி வந்து, அவள் மேசைக்கு அருகில் நின்றார். அவள் யாருடைய மகள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு பேரைச் சொன்னார். "இதுதானே?" என்றார்.

"இல்லை" என்றாள் அவள்.

அதற்கடுத்த வாரம் வேறொரு பேர். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. தெரிந்தவர்களையெல்லாம் போனில் பிடித்து விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்று டிரைவர் சொன்னான். தூக்கம் இல்லையாம். பிஸ்கட் கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டார். ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்லும்போது நாக்கில் ஏறுகிற ருசிக்காகவே அவள் வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரம் வரத் தொடங்கினாள்.

ஒருநாள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அம்மாவே கேட்டாள். "அவங்க இன்னும் வர்றாங்களா?"

"வர்றாங்க. வாரம் ஒரு பேரு சொல்றாங்க."

அம்மா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "என்னிக்காவது சரியா சொல்லிட்டா, ஆமான்னு சொல்லிடு. தேடினாங்கல்ல, போதும். எனக்கு ஆறிப்போச்சு."

"சரிம்மா" என்றாள் மகள்.

மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை பெரிய வீட்டம்மா நனைந்துகொண்டே வந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. பழைய பால்காரரின் மனைவியை எங்கோ தேடிப் பிடித்துக் கேட்டதாகச் சொன்னார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, தப்பு வந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து, ஒரு பேரைச் சொன்னார்.

அது அம்மாவின் பேர்.

மகள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். நரைத்த முடியிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தாள். தகர டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

"இல்லை" என்றாள்.

பெரிய வீட்டம்மா தலையாட்டினார். மெத்தையைத் தட்டிப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் வரட்டும் என்று உட்கார்ந்தார்.